யவனர் தேறலும் தமிழகத்து வெயிலும்

சங்கப் பாடல்களில் யவனர் கொணர்ந்த மதுவைப் பற்றிய செய்தி எங்கே வருகிறது என்று கேட்டால், தமிழ் இலக்கியம் பயின்றவர்கள் தயங்காமல் புறநானூற்றின் 56ஆம் பாடலைச் சொல்லுவர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடியது அது. கடல் வாணிகம் குறித்த நூல்களில் இப்பாடல் இடம்பெறாமல் இருப்பது அரிது. ஆனால் அதை எடுத்தாளும் போதெல்லாம் நம் கண் ‘யவனர்’ என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறது. அந்த மதுவுக்குப் புலவர் தருகிற முதல் அடைமொழி, அது குளிர்ந்திருந்தது என்பதாகும். மணம் அதற்கு அடுத்துத்தான் வருகிறது. இக்குளிர்ச்சியைச் செய்யுளுக்கு அழகு சேர்க்கும் ஒரு சொல் என்று கருதி நாம் கடந்து போய்விடுகிறோம். எகிப்தின் செங்கடல் துறையில் கப்பலேறி, வெயிலிலும் உப்புக்காற்றிலும் வாரக்கணக்கில் பயணம் செய்து, பின் தரைவழியாகவோ கரையோரமாகவோ மதுரை வந்து சேர்ந்த மது எவ்வாறு குளிர்ந்திருக்க முடியும்? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியின் பின்னே செல்லும் முயற்சி.

காரைக்குடியின் செக்காலைப் பகுதியில் பங்குனி முதல் ஆனி வரை வாழ்ந்து பார்த்தவர்களுக்கு இது வெறும் புலமை விளையாட்டாகத் தோன்றாது. செக்கையும் ஆலையையும் தன் பெயரிலேயே ஒலிக்கும் இவ்வூர்ப் பகுதியில், நண்பகலில் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தொடுவது கோடையின் அன்றாட நிகழ்வு. வீட்டுக்குள் இருக்கும் பித்தளைச் செம்பும் கைக்குச் சுடும். நன்மாறன் ஆண்ட மதுரை இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில்தான் இருக்கிறது. அவன் பட்ட வெயிலும் நாம் படும் வெயிலும் ஏறத்தாழ ஒன்றே. இந்த வெயிலில் ‘குளிர்ந்தது’ என்று ஒருவர் சொன்னால், அதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பதே இயல்பு.

முதலில் பாடலைப் பார்ப்போம். புலவர் மன்னனை நான்கு தெய்வங்களோடு ஒப்பிடுகிறார். கணிச்சி ஏந்திய சிவபெருமான், பனைக்கொடியுடைய பலராமன், கருடக்கொடியுடைய திருமால், மயிற்கொடியுடைய முருகன் ஆகியோர் வரிசையாக வருகின்றனர். இந்நால்வரையும் ஒத்த உனக்கு அரியது எது என்று கேட்டுவிட்டு, இரந்து வருவோர்க்கு அரிய அணிகலன்களைக் குறையாமல் கொடு என்கிறார். பிறகு, யவனர் தந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் அருந்தி மகிழ்ந்திரு என்று வாழ்த்துகிறார். இறுதியில், இருள் நீக்கும் வெம்மையான கதிரையுடைய ஞாயிறு போலவும், மேற்கே தோன்றும் குளிர்ந்த கதிரையுடைய திங்கள் போலவும் உலகோடு நிலைத்திரு என்று முடிக்கிறார். வெம்மையும் தண்மையும் பாடலின் முடிவில் இப்படி நேருக்கு நேர் நிறுத்தப்படுவது நோக்கத்தக்கது. குளிர்ச்சி என்பது இப்புலவர் போகிற போக்கில் தெளித்த சொல் இல்லை என்று நாம் கருதுவதற்கு இது முதற்காரணம்.

இரண்டாவது காரணம் பிற பாடல்களில் இருக்கிறது. சங்கப் புலவர்கள் நம் நாட்டுத் தேறலைப் புகழும்போது பெரும்பாலும் அதன் வேகத்தையே புகழ்கிறார்கள். நாட்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டியதற்கு ஒப்பிடுகிறார் ஔவையார் (புறம் 392). சிறுபாணாற்றுப்படையோ சினந்த பாம்பை உவமையாக்குகிறது. தேளும் பாம்பும் மதுவின் வலிமைக்கு அளவுகோலாக இருந்த ஓர் இலக்கிய உலகில், யவனர் மது தண்மையாலும் மணத்தாலும் சுட்டப்படுகிறது. அதாவது, அதை அருந்தியவர்கள் அதில் தேடியது வேறொன்று.

மன்னனின் பெயரும் நமக்கு ஒரு துணை செய்கிறது. இலவந்திகை என்பதற்கு, நீராடும் வாவியைச் சூழ்ந்த, அரசர்க்கே உரிய சோலை என்று பொருள் கூறுவர். அத்தகைய இடத்தில் உயிர்நீத்தமையால் அவனுக்கு இப்பெயர் வழங்கியது. வெயிலிலிருந்து ஒதுங்கி நீரருகே இருப்பதற்கென்று தனியே ஓர் இடம் அமைத்துக்கொண்ட அரச மரபு அது. நெடுநல்வாடையிலும் இதற்குச் சான்று உண்டு. தென்றல் வருவதற்காகச் சாளரங்கள் வைத்த வேனிற்காலப் பள்ளியறை மதுரையில் இருந்ததை அந்நூல் சொல்கிறது. ஆனால் அது கூதிர்காலத்தைப் பாடும் நூலாதலால் எல்லாம் தலைகீழாக வருகின்றன: சாளரக் கதவுகள் தாழிடப்பட்டிருக்கின்றன, வட்ட விசிறிகள் சிலந்தி நூல் படியத் தொங்குகின்றன, குறுகிய வாயுடைய கலத்தில் இருக்கும் குளிர்ந்த நீரை யாரும் பருகவில்லை, எல்லோரும் தீச்சட்டியை நாடுகிறார்கள். குளிர்காலத்தில் இவை பயனற்றுக் கிடந்தன என்றால் கோடையில் இவை யாவும் பயன்பட்டன என்பதுதானே பொருள். ஒரு கோடையின் முழுக் கருவிப்பட்டியலை ஒரு வாடைப்பாட்டு நமக்குச் சேமித்துத் தந்திருக்கிறது.

இனி மதுவின் பக்கம் திரும்புவோம். புறநானூற்றின் பழைய உரைகாரர், யவனர் மது கொண்டுவந்த கலத்தைக் குப்பி என்று விளக்குகிறார். கலம் என்பதை மரக்கலமாகக் கொண்டு பொருள் கூறுவாரும் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றை அச்சில் ஏற்றியபோது இவ்விரண்டுக்கும் அப்பால் நிலத்தடிச் சான்று எதுவும் இல்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1945இல், புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, அடியில் கூர்த்து இரு காதுகளோடு கூடிய மத்தியதரைக் கடற்பகுதிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. ஆம்போரா என்று அறியப்படும் இச்சாடிகளில் பெரும்பங்கு மதுச்சாடிகளே என்றும், அவற்றுள் கிரேக்கத் தீவான கோஸ் நகரத்து வகையே மிகுதி என்றும் பின்னாளில் எலிசபெத் லைடிங் வில் ஆராய்ந்து கூறினார். வைகை கடலில் கலக்கும் அழகன்குளத்திலும், 2007 முதல் அகழப்பட்ட கேரளத்துப் பட்டணத்திலும் இத்தகைய சாடித்துண்டுகள் கிடைத்துள்ளன. பட்டணத்தில் கிடைத்தவை ஆயிரக்கணக்கில். நம் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியிலும் ரோமானியத் தொடர்பைக் காட்டும் அரிட்டைன் வகைப் பானையோடுகள் வெளிப்பட்டன. ஆக, நக்கீரனார் சொன்ன யவனர் நற்கலத்தின் ஓடுகளை இன்று நாம் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

கோஸ் வகை மதுவில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. அதில் கடல்நீர் கலப்பர். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியர் கேட்டோ, வேளாண்மை பற்றிய தம் நூலில் இம்மது செய்யும் முறையை எழுதிவைத்திருக்கிறார். உப்பு மதுவைக் கெடாமல் காக்கும் என்பது அக்கால வழக்கம். நீண்ட கடற்பயணம் தாங்க வேண்டிய சரக்கு ஆதலால் இது பொருத்தமாகவே இருந்தது. சாடியின் உட்புறம் பைன் மரத்துப் பிசினைப் பூசியிருந்தனர். ரோமானிய அளவில் ஒரு சாடி என்பது ஏறத்தாழ 26 லிட்டர். நிறத்தைப் பொறுத்தவரை, நக்கீரனார் பாடலில் அதைப் பற்றிய குறிப்பு இல்லை. பிளினி தம் இயற்கை வரலாற்றில் மதுவுக்கு வெள்ளை, பழுப்பு, குருதிச் சிவப்பு, கருப்பு என நான்கு நிறங்களைச் சொல்கிறார்.

பயணக் காலத்தையும் பிளினியே தருகிறார். நடுக்கோடையில் எகிப்தின் பெரெனிகே துறையிலிருந்து புறப்படும் கலம், 30 நாட்களில் செங்கடலின் வாயிலில் உள்ள ஒகேலிசை அடையும். அங்கிருந்து தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து 40 நாட்களில் முசிறி வரும். கி.பி. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்ட செங்கடல் வழிநூலான பெரிப்ளுஸ், முசிறிக்கு மது வந்தது, ஆனால் மிகுதியாக இல்லை என்கிறது. வடக்கே பரிகாசாவில் இத்தாலிய மதுவுக்கே முதலிடம் என்றும், அங்குள்ள மன்னனுக்கென்று உயர்தர மது தனியே வந்தது என்றும் அதே நூல் கூறுகிறது. தமிழகத்தில் பனங்கள்ளும் நெல்லரிசி நறவும் தேனிலிருந்து ஆக்கிய மதுவும் தாராளமாக இருக்கையில், அயல் மது கொஞ்சமாக வந்ததில் வியப்பில்லை. அந்தக் கொஞ்சமும் பொற்கலத்துக்கு உரியதாயிற்று.

கார்காலத்தின் இறுதியில் முசிறிக்கு வந்த சாடி, அடுத்த வேனில் வரை மதுரையில் காத்திருக்க வேண்டும். இங்கேதான் நம் கேள்வி கூர்மை பெறுகிறது. மண்பானையில் நீர் குளிர்வது எப்படி என்பது நம் வீடுகளில் யாவரும் அறிந்ததே. பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து, வெளிப்புறத்தில் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் பிசின் பூசிய சாடி கசியாது. கசியாத சாடி தானாகக் குளிராது. ஆகவே யவனர் மது குளிர்ந்த நிலையில் வந்து சேரவில்லை. இங்கே, இம்மண்ணில், இம்மண்ணின் முறைகளால் குளிர்விக்கப்பட்டது என்று கொள்வதே பொருத்தம். ரோமாபுரியிலும் மதுவைக் குளிர்வித்தனர். ஆனால் அவர்கள் முறை வேறு. மலையிலிருந்து பனியைக் கொண்டுவந்து வைக்கோலில் பொதிந்து வைத்திருந்து கலந்தனர். நீரைக் காய்ச்சிப் பின் பனியில் இட்டுக் குளிர்விக்கும் முறையை மன்னன் நீரோவின் கண்டுபிடிப்பு என்கிறார் பிளினி. பனி விலைக்கு விற்கப்படும் கேட்டை எண்ணி செனெகா வருந்தி எழுதினார். பாண்டிய நாட்டில் பனி இல்லை. இருந்தவை மண், நீர், காற்று.

மண்ணை முதலில் எடுத்துக்கொள்வோம். பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், நிலத்தில் புதைத்துப் பக்குவப்படுத்திய மதுவைப் பற்றிக் கூறுகிறார் (புறம் 120). மலைபடுகடாம் மூங்கிற் குழாயில் விளைந்த தேறலைப் பேசுகிறது. புதைப்பதன் நோக்கம் முதிர்வு என்றாலும், சில முழ ஆழத்தில் மண் நண்பகல் வெயிலை உணர்வதில்லை. அங்கே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பம். அடுத்து நீரும் காற்றும். கசியாத சாடியையும் ஈர மணலில் புதைத்தோ, நனைந்த துணி சுற்றிக் காற்றில் வைத்தோ, கசியும் மண்பானை நீரில் அமிழ்த்தியோ குளிர்விக்கலாம். இம்முறைகளுக்கு ஓர் எல்லையும் உண்டு. அறிவியலார் அதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பர். காற்று 38 பாகையில், ஈரப்பதம் 35 விழுக்காட்டில் இருந்தால், அந்த எல்லை ஏறத்தாழ 26 பாகை. எத்தனை பெரிய பாண்டியனாயினும் ஆவியாதலை நம்பி அதற்குக் கீழே இறங்க இயலாது. ஆனால் 38இலிருந்து 26 என்பது 12 பாகை இறக்கம். வெயிலிலிருந்து வந்தவர் நாவுக்கு அது ‘தண்’ என்று சொல்லப் போதுமானது. இன்றைய குளிர்பெட்டியின் அளவுகோலால் நக்கீரனாரின் சொல்லை அளந்தால் அது மிகையாகத் தோன்றும். அவர் காலத்து நாவால் அளந்தால் அது உள்ளது உரைத்தலே.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்க்கு இம்முறைகள் புதியன அல்ல. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என நீளும் அவ்வீடுகளில் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கும். சூடான காற்று மேலேறிப் போகவும், முன்வாசல் முதல் பின்வாசல் வரை காற்று ஊடுருவவும் அமைந்த வடிவம் அது. சுண்ணாம்பும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றிய சுவர்களைத் தொட்டால் கோடையிலும் குளிர்ச்சி தெரியும். ஆத்தங்குடித் தளத்தில் வெறுந்தரையில் படுப்பதன் சுகம் இங்குள்ளோர் அறிவர். பர்மாத் தேக்கும் ஐரோப்பியக் கண்ணாடியும் கடல் கடந்து வந்த இவ்வீடுகளில், சைவ நெறி நிற்கும் நகரத்தார் கோடைக்குப் பானகமும் நீர்மோரும்தான் வைத்தார்கள். அவர்களிடம் மதுவைத் தேடுவது நம் நோக்கம் அன்று. குளிர்விக்கும் கலை மட்டும் அறுபடாமல் வந்திருக்கிறது என்பதே நாம் சொல்லவருவது.

குளிர்ந்த செம்மதுவைத் தமிழகம் மீண்டும் கண்டது ஆங்கிலேயர் காலத்தில். பிரான்சின் போர்தோப் பகுதிச் செம்மதுவை அவர்கள் கிளாரட் என்பர். இந்தியாவில் அதற்கு லால் ஷராப், அதாவது ‘சிவப்பு மது’, என்ற இந்துஸ்தானிப் பெயர் நிலைத்திருந்ததை, 1886இல் வெளிவந்த ஆப்சன்-ஜாப்சன் அகராதி பதிவு செய்கிறது. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான ஆர்தர் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகால் நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். அதே அகராதியில் ஆப்தார் என்ற பணியாளரும் வருகிறார். நீரையும் மதுவையும் குளிர்விப்பதே அவர் வேலை. வெடியுப்பு நீரில் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அக்கரைசலில் குப்பியை வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தால் உள்ளிருப்பது குளிரும். அக்பரின் அரண்மனையில் வெடியுப்பால் நீர் குளிர்விக்கப்பட்டதை அபுல் பசல் ஐனி அக்பரியில் விவரித்திருக்கிறார். வெடிமருந்துக்குரிய உப்பை மதுவுக்குப் பயன்படுத்திய இம்முறையை வெள்ளைக்காரத் துரைகளின் மேசைகளும் ஏற்றுக்கொண்டன.

பிறகு வந்தது அமெரிக்கப் பனிக்கட்டி. 1833இல் பாஸ்டனைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர், டஸ்கனி என்ற கப்பலில் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்துக்குப் பின் சுமார் 100 டன் கரையேறியது. சென்னையில் அப்பனியைச் சேமிக்க 1842இல் கடற்கரையோரம் ஒரு கட்டடம் எழுந்தது. விவேகானந்தர் 1897இல் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குவது அதுவே. கட்டடத்தின் பெயர் மாறினாலும் சுற்றியுள்ள பகுதியை மக்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே அழைக்கிறார்கள். ரோமானியர் மலையிலிருந்து இறக்கிய பனி, பதினெட்டு நூற்றாண்டு கழித்து, வேறொரு கண்டத்தின் ஏரியிலிருந்து நம் கடற்கரைக்கு வந்தது. உள்ளூரில் பனிக்கட்டி செய்யும் இயந்திரங்கள் வந்ததும் அவ்வாணிகம் அழிந்தது.

இவ்விடத்தில் இன்றைய வழக்கம் ஒன்றைத் தொட வேண்டும். வெள்ளை ஒயினைக் குளிர்வித்தும் சிவப்பு ஒயினை அறை வெப்பத்திலும் பரிமாற வேண்டும் என்று ஐரோப்பிய மேசை மரபு சொல்லும். நம் ஊர் விடுதிகளும் இதை வேதமாகக் கொண்டு, சித்திரை மாதத்திலும் சிவப்பு ஒயினைச் சூடாகவே வைத்துத் தருவது உண்டு. அந்த விதி சொல்லும் ‘அறை’ எந்த ஊர் அறை? வெப்பமூட்டிகள் பரவுவதற்கு முன்பிருந்த வட ஐரோப்பியக் கல்வீட்டின் அறை. அங்கே வெப்பம் 16 அல்லது 18 பாகை. செக்காலையின் அறையில் அது 33க்கு மேல். அந்த விதியைச் சொல்லளவில் பின்பற்றினால் அதன் பொருளைக் கைவிட்டதாகும். இதற்குக் காரணமும் உண்டு. மது சூடேறினால் அதிலுள்ள சாராயத்தின் காரம் முன்னே வந்து மணத்தை மறைத்துவிடும். மிகக் குளிர்ந்தாலோ, திராட்சைத் தோலிலிருந்து வந்த துவர்ப்பு நாவில் முரடாகத் தெரியும். ஆகவே துவர்ப்பு மிகுந்தவற்றை 16 முதல் 18 பாகையிலும், துவர்ப்புக் குறைந்த மெல்லிய சிவப்பு வகைகளை 12 முதல் 14 பாகையிலும் அருந்துவர். பிரான்சின் பொஜொலே வகை பின்னதற்கு எடுத்துக்காட்டு. வெயிலில் குளிர்ந்த செம்மது என்பது விதிமீறல் ஆகாது. ஓர் ஊரின் விதியை அவ்வூரின் காலநிலையைக் கழித்துவிட்டு இரவல் வாங்கியதால் வந்த மயக்கமே அது. நக்கீரனார் மதுவின் ஊரையும் சொன்னார், அது இங்கு அடைந்த குளிர்ச்சியையும் சொன்னார்.

ஆனால் இந்தப் பாடலை இவ்வளவு விரிவாகப் பேச நமக்குக் கூச்சம் இருக்கிறது. வகுப்பறையில் தேறல் என்ற சொல் வந்தால் தேன் என்று சொல்லிக் கடந்துவிடும் பழக்கம் ஆசிரியர்களாகிய நம்மிடம் உண்டு. தேறல் என்பதற்குத் தேன் என்ற பொருளும் உண்டுதான். ஆயினும் யவனர் கலத்தில் வந்தது தேன் அன்று. இக்கூச்சத்தின் வேர்கள் ஆழமானவை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுதும் பரவியது. 1971இல் அது தளர்ந்து, 1974இல் மீண்டு, 1981இல் மறுபடி தளர்ந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசு நிறுவனமே நடத்துகிறது. ‘ஒயின் ஷாப்’ என்று தமிழகம் அழைக்கும் கடைக்குச் செல்பவருள் ஒயின் கேட்பவர் அரியர். அக்கடைகள் குடும்பங்களுக்குச் செய்திருப்பதை அறிந்தவர்கள் மதுவைப் பற்றிய எந்தப் பேச்சையும் ஐயத்தோடு கேட்பதில் நியாயம் உண்டு. நாமும் அதை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனினும் கூச்சத்தால் ஒரு சொல்லை மூடினால், அதனோடு வேறு பல செய்திகளும் மூடப்பட்டுவிடுகின்றன. காரைக்குடிக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தை நிறுவிய ஊர் இது. அக்கம்பன் பாலகாண்டத்தில் உண்டாட்டுப் படலம் என்றே ஒரு படலம் பாடி, நிலவொளியில் மது அருந்துவோரை விரிவாகக் காட்டுகிறான். அதையும் கம்பனின் பகுதியாகவே நாம் ஏற்றிருக்கிறோம். தேவாலயத் திருப்பலியில் திராட்சை இரசம் எனப்படுவதும் இதே பொருள்தான். திராட்சைக்குத் தமிழில் கொடிமுந்திரி என்று ஒரு பெயர் இருந்ததையும், கடல் கடந்து வந்த வேறொரு கொட்டை முந்திரி என்ற பெயரைத் தனதாக்கிக்கொண்டதையும் இன்று நினைப்பவர் சிலர். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் கருநிறப் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அப்பள்ளத்தாக்கின் நீர் வைகையில் சேர்ந்து, மதுரையையும் கீழடியையும் கடந்து, ஒரு காலத்தில் யவனச் சாடிகள் இறங்கிய அழகன்குளத்தை நோக்கி வருகிறது.

மூடிவைத்ததில் மிக முக்கியமானது, நம் கருத்தில், உழைப்பின் வரலாறு. 12 பாகை இறக்கம் என்று நாம் எளிதாக எழுதிவிட்டோம். அதற்காகத் துணியை நனைத்துக்கொண்டே இருந்தவர் யார்? வைகையிலிருந்து நீர் சுமந்தவர் யார்? ஆப்தார் வெடியுப்புக் கரைசலில் குப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது அவர் நெற்றி வியர்த்திருக்கும். பாடலில் பொற்கலம் ஏந்தி நின்ற மகளிர்க்குப் பெயர் இல்லை. ஒருவர் அருந்தும் குளிர்ச்சி எப்போதும் வேறு பலர் பட்ட வெயிலால் ஆனது. இன்று குளிர்பெட்டி அதை மின்கம்பிக்குப் பின்னே மறைத்துவிட்டது. ஆயினும் கோடை நண்பகலில் செக்காலைச் சாலையில் தள்ளுவண்டியோடு நிற்பவர்களைப் பார்த்தால், குளிர்ச்சி இன்றும் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பது விளங்கும்.

புலவர் இதை உணர்ந்திருந்தார் என்று நாம் நினைக்கிறோம். அவர் சொன்ன வரிசையை மறுபடி பாருங்கள். முதலில் இரவலர்க்குக் குறையாமல் கொடு, அதன் பின்னரே குளிர்ந்த தேறல். மூவேந்தரும் ஒருங்கிருந்தபோது ஔவையார் பாடிய 367ஆம் பாடலிலும் மகளிர் ஏந்திய பொற்கலத்துத் தேறலும் இரவலர்க்கு ஈதலும் அடுத்தடுத்தே வருகின்றன. ஆனால் அங்கே முதலில் அருந்துதல், பிறகு கொடுத்தல். நக்கீரனார் வரிசையில் கொடை முந்துகிறது. ஒரு சிறு இடமாற்றம்தான். ஆனால் கொடுக்காதவனுக்கு அந்தக் கிண்ணம் இல்லை என்று அதைப் படிக்க இடம் இருக்கிறது.

இதே எண்ணம் மது இல்லாமலும் நம் நாட்டில் நிலைத்தது. அப்பூதியடிகள் திங்களூரில் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்ததைச் சேக்கிழார் பாடினார். சோழர் காலக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப்பந்தலுக்கு நிலம் விட்ட செய்திகள் உண்டு. அவற்றுள் தண்ணீர் இறைத்துத் தருபவர்க்கு இவ்வளவு, கலம் இடும் குயவர்க்கு இவ்வளவு என்று கூலியும் எழுதப்பட்டிருக்கும். பாடல் பெயர் சொல்லாமல் விட்ட அந்தக் கைகளுக்குக் கல்வெட்டு நெல் அளந்து கொடுத்தது. பாண்டியனின் பொற்கலத்தில் இருந்த குளிர்ச்சியும் வழிப்போக்கனின் மண்குவளையில் இருந்த குளிர்ச்சியும் ஒரே குயவர் மண்ணிலிருந்தும் ஒரே வைகை நீரிலிருந்தும் வந்தவை. புறநானூற்றின் 56ஆம் பாடலை அடுத்த முறை எடுக்கும்போது, யவனர் என்ற சொல்லோடு நின்றுவிடாமல், அதை அடுத்து வரும் அந்தச் சிறு சொல்லிலும் சற்று நிற்குமாறு நண்பர்களை வேண்டுகிறோம்.